பிடரி

கூர் நகரின் ரயிலடிப் பின்தெருவில்
மூன்று நாற்காலி சலூன் என்னுடையது.
முப்பத்தோரு வருடம் கத்தரி பிடித்த கையால் சொல்கிறேன்:
இது உதிர்ந்த முடி இல்லை,
வெட்டிய முடி.

முஸ்காட்டின் கழுத்துக்குப் பின்னால்
ஒரு காசு அகலத்துக்கு
ரோமம் கட்டையாய் நிற்கிறது.
நீவினால் குத்துகிறது,
சனிக்கிழமை மழித்த தாடை
திங்களன்று குத்துவதுபோல.
தோல் சிவக்கவில்லை, சொறிந்த தடமில்லை.
செய்தவர் யாரானாலும் கைசுத்தம்.
சீப்புதான் இல்லை.

சந்தேகப்பட கூண்டில் ஒருத்திதான் இருக்கிறாள்.
லதினா. வாடகைக்கு வந்தவள்.
சிரிக்காதீர்கள்,
கினிப்பன்றியைத் தனியே வைக்க
இந்த நாட்டுச் சட்டம் விடாது.
ஆனிஸ் செத்த மறுவாரம்
எம்ஸ் கிராமத்துக்கு பஸ் ஏறிப் போய்
திருமதி காடூஃப் நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன்:
மிஞ்சியவன் உயிரோடிருக்கும்வரை துணை,
அதன்பின் திருப்பித் தரவேண்டும்.
மனிதருக்கும் இப்படிச் சட்டம் உண்டா என்று கேட்டேன்.
அவர் அட்டைப்பெட்டியில்
மூச்சுவிட ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் காமெனிஷ்
டேப் ஒட்டிப் பிய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தார்.
பேன் இல்லை. பூஞ்சை இல்லை.
"தன் விலாவைத் தானே கடிக்கும்,
தொடையைக் கடிக்கும்.
பிடரிக்குப் பல் எட்டாது.
எட்டாத இடத்தில் முடி குறைந்தால்
அது அடுத்தவர் வேலை."
எனக்கா தெரியாது.
"ஏன் மெல்லுகிறாள்?"
"யார் பெரியவர் என்று காட்ட இருக்கலாம்.
சலிப்பாக இருக்கலாம். புல் போதாமல் இருக்கலாம்.
உலர்புல்லைக் கூட்டுங்கள்,
ஒளிய இடம் இரண்டு வையுங்கள்.
பிரிக்க அவசரப்படாதீர்கள்."

புல்லைக் குவித்தேன்.
பெட்டி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் வாசல் இரண்டு.
விளக்கணைத்துத் தரையில் உட்கார்ந்தேன்.
தெருவெளிச்சத்தில் லதினா முதலில் முகம் கழுவினாள்:
கண்ணில் ஊறிய வெள்ளை நீரை
முன்னங்கால்களில் வாங்கி
மூக்கிலிருந்து காதுவரை, வேகவேகமாக.
கொஞ்சம் புல் தின்றாள்.
பிறகு அவன் பெட்டிக்குள் போனாள்.
நறுக், நறுக்.

தடுக்க எழுந்தேன்.
அவன் ஓடவில்லை. பல்லை நெறிக்கவில்லை.
பின்வாசல் திறந்துதான் இருந்தது.
கழுத்தைத் தாழ்த்தினான்,
என் நாற்காலியில் எல்லோரும் தாழ்த்துவது போல,
கண்ணாடி கண்ணில் படாத அந்த அரை நிமிடம்.
அடக்கமா, ஆறுதலா?
இரண்டுக்கும் கழுத்து
ஒரே கோணத்தில்தான் வளைகிறது.
முப்பத்தோரு வருடத்தில்
நான் யாரிடமும் கேட்டதில்லை.

என் பிடரியை பிரீடா வெட்டுவாள்,
சமையலறை முக்காலியில் உட்காரவைத்து.
வரி கோணலாகத்தான் வரும்.
ஊதிவிடுவாள்.
பதினெட்டு மாதமாய்
முடி காலருக்குள் மடிந்து கிடக்கிறது.
முன்னொன்று பின்னொன்று கண்ணாடி வைத்து
ஒருநாள் முயன்றேன்;
இடது வலதாகி, காதில் கீறல்.
வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள்,
பிறகு பனிச்சறுக்கு பற்றிப் பேசுகிறார்கள்.

திங்கள் கடை விடுமுறை.
பிளெசூர் ஆற்றைத் தாண்டி
ஃப்ளூரின் சலூனுக்குப் போனேன்.
இருபது வருடப் போட்டிக்காரன்.
என்னைக் கண்டதும் ரேடியோவைக் குறைத்தான்.
ஒன்றும் கேட்காமல் துண்டைச் சுற்றி,
ஒரு விரலால்
என் தலையை முன்னே சாய்த்தான்.
கத்தரி குளிர்ந்திருந்தது.
என் தோள்கள் இறங்கியதை
அவன் கவனித்தானா, தெரியாது.
காசு வாங்க மறுத்தான்; மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில், முஸ்காட்டின் பிடரியில்
பழைய காசுக்குப் பக்கத்தில்
இன்னொரு காசு.
புல் தொட்டி
நிறையத்தான் இருக்கிறது.