வலக்காது

ட்ரோம்சோவில் நவம்பர் முடிகிறது.
சூரியன் இனி ஜனவரியில்தான்.
நான் கேட்கும்வரை ஐலெர்ட் தொப்பியைக் கழற்றவில்லை.

கப்பிக் கயிறு அறுந்து அடித்ததாம்.
"காட் மீன் பருவம்," என்றான், அதுவே காரணம்போல.
வலப்பக்கம் ஒரு மடிப்பும் ஒரு துவாரமும்.

இடக்காதை ஒளியால் தடவி எடுத்தேன்.
நான்கு லட்சம் முக்கோணங்கள்.
பாதிக்குமேல் ஊசிகள், நீண்டு ஒல்லியாக,
எதையும் தாங்காதவை.
மடலின் பின்னே வெளிச்சம் போகாத இடமெல்லாம்
கிழிசல்.

இரவெல்லாம் (பகலும் இரவுதான்) அதே நான்கு வேலை.
நீண்ட விளிம்பை நடுவில் பிள.
குட்டை விளிம்பை ஒரு புள்ளியாக ஒடுக்கு.
கோணல் இரட்டையின் நடுக்கோட்டை மாற்றிப் போடு.
புள்ளியை நகர்த்து, தோலைவிட்டு எழும்பாமல்.
திரும்பவும்.
முப்பதாவது சுற்றில்
ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அண்டைவீட்டார், ஏறத்தாழ.
ஐந்தும் ஏழும் சுருளின் வளைவுகளில் ஒதுங்கின.
வளைவு இருக்கும்வரை அவையும் இருக்கும்.

பிறகு கண்ணாடியில் போலத் திருப்பினேன்: இடம் வலமாயிற்று.
திரையில் காது கறுத்துப்போனது.
பதறாதே என்றாள் குட்வெய், ரொட்டியை மென்றபடி.
முக்கோணமெல்லாம் எதிர்ச்சுற்றாகிவிட்டன,
உள்ளே எது வெளியே எதுவென்று
காதுக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான்.
ஒரு விசையைத் தட்டினாள். மறுபடி தோல்.

பதினொரு கிழிசல் அடைத்தேன்.
பன்னிரண்டாவதில் கை நின்றது.
சோணையில், முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய்,
இடையில் ஒன்றுமில்லை.
இரண்டையும் மூடினால் சதை.
இரண்டையும் ஒட்டினால் சுரங்கம்.
மென்பொருளுக்கு அது பன்னிரண்டாவது பிழை.
எனக்குத் தெரியும், காது குத்தின துளை.

ஆனால் வலப்பக்கம் அவன் குத்தியதே இல்லை.
போன் போட்டேன். படகில் இருந்தான், எஞ்சின் சத்தம்.
எந்தப் பக்கம் வைத்துக் கேட்கிறான் என்று
தேவையில்லாமல் யோசித்தேன்.

"பதினேழு வயதில்
ஒரு காதுக்குத்தான் காசு இருந்தது," என்றான்.
"இருக்கட்டும், விட்டுவிடுங்கள்."

சுரங்கமாக்கினேன்.

சிலிக்கோன் நிறம் மூன்று முறை தப்பியது.
குளிரில் அவனுடையது சிவக்கும்.
இது சிவக்காது; நடுவாக ஒரு நிறத்தில் ஒப்புக்கொண்டோம்.

ஜனவரியில் வந்தான். பொருத்தினோம்.
பையிலிருந்து வளையத்தை எடுத்தான், வெள்ளி, புதிது.
நுழையவில்லை.
வழவழப்பாக்க வழவழப்பாக்க
அரை மில்லிமீட்டர் நான் தின்றிருந்தேன்.

குட்வெய் குழல் ஊசியைத் தேடி எடுத்து வந்தாள்.
வலிக்காது, என்றேன்.
ஆனாலும்
கண்ணை இறுக மூடிக்கொண்டான்.