ஊர் முழுக்க நான்

ஒஸ்த்ராவாவில், வியாழன் இரவுகளில்,
ட்ராம் பணிமனைக்குப் பின்னாலுள்ள மதுக்கடையின் உள்ளறையில்
நான் ஓர் ஊராகிவிடுவேன்.

வாயிற்காவலன் நான். அவன் கொட்டாவியும் நான்.
ரொட்டி சுடுகிறவள், வரி தண்டுகிறவன்,
சந்தை மூலையில் புறம்பேசும் மூன்று பேர்,
அதை ஒட்டுக்கேட்கும் நாய்,
அத்தனைக்கும் என் ஒரே தொண்டை.

எதிரே நான்கு பேர்.
ஸ்பினெக் வாள்வீரன், மனிதன்.
எந்த ஊரும் அவனை ஏறிட்டுப் பார்த்ததில்லை.
ல்யூபோர் குள்ளன். தாடிக்கு ஒரு கிண்டல், கூடவே ஒரு பீர்,
அத்தோடு சரி.
யர்மிலாவின் கூர்க்காதுகளுக்குப் பாதி ஊர் மயங்கும்.

போஹ்தானாதான் பல்லி.
ஏழடி உயரம், பாசிநிறச் செதில்,
எல்லாக் கதவிலும் மாட்டிக்கொள்ளும் வால்.
தாளில் அழகாகப் பெயர் எழுதியிருக்கிறாள்: இஸ்ஸகெத்.
அதைச் சொல்லி முடிக்குமுன்
என் ஊர்கள் அலறிவிடும்.

ஒன்றரை வருடம் அலறவைத்தேன்.
பதினோரு ஊர்.
பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள்.
சத்திரக்காரன் லாயத்தைக் காட்டி இரட்டிப்பு வாடகை கேட்டான்.
ஒரு பூசாரி உப்பை எறிந்தான்.
பல்லி நடந்து வந்தால் சனம் பயப்படாதா என்றேன்.
யதார்த்தம் வேண்டாமா என்றுகூடக் கேட்டேன்,
டிராகன் பறக்கும் வரைபடத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

போன வியாழன், பன்னிரண்டாவது ஊர்.
"முக்காடு போட்டுக்கறேன்" என்றாள்,
நான் வாயைத் திறக்குமுன்.
"வாலைச் சுருட்டிப் பிடிச்சுக்கறேன். இல்லேன்னா
நீங்க போய்ட்டு வாங்க, நான் மதிலுக்கு வெளியே இருக்கேன்."
பகடையைத் தொடவில்லை.
கடலைத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

என் நாக்கில் காவலன் தயாராக நின்றான்:
'நில்! என்ன பிராணி நீ?'
பதினோரு முறை தேய்ந்த வசனம்.
அது வரவில்லை.

வந்தவள் ஒரு மீன்காரி.
என் குறிப்பேட்டில் இல்லாதவள்,
குரல் மட்டும் கரகரவென்று:
"ஏ நெட்டச்சி, வெளிச்சத்தை மறைக்காதே.
வாங்குறியா, நகர்றியா?"

உரிந்த தோல் விரலிலேயே இருந்தது.
"என்ன விலை?"

கெண்டை மூன்று காசு.
எடைபோடும்போது தட்டில் கட்டைவிரலை அழுத்தினாள்,
எல்லாருக்கும் அழுத்துவதுபோலவே.
போஹ்தானா பகடை உருட்டினாள். பதினேழு.
"விரலை எடு!"
"என் விரலு, என் தராசு!"
அரைமணி நேரம் பேரம்.
கோபுரத்துச் சூனியக்காரியும் திருட்டுப்போன கிரீடமும்
கைகட்டிக் காத்திருந்தன.
ஸ்பினெக் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தான்.

"நாளைக்கு வெள்ளனே வா" என்றாள் மீன்காரி,
"நல்லதெல்லாம் போயிடும்."

நாளைக்கு.
அந்தச் சொல்லை எந்த ஊரிலும் நான் அவளுக்குக்
கொடுத்ததில்லை.

தாளில், உடைமைகள் என்ற பகுதியில்,
விஷக்கத்திக்குக் கீழே எழுதினாள்:
கெண்டை, ஒன்று. சற்று நாறுகிறது.

முக்காட்டை எடுத்தாளா என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கடைசி ட்ராமுக்கு ஓடவேண்டியிருந்தது.

நாய் மட்டும் அவள் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வந்தது,
மீனுக்காக.