பதினொரு வினாடி

குண்டு பறக்கும் நேரம் பதினொரு வினாடி
என்று எழுதி அனுப்பியிருந்தார் இயக்குநர்.
நிஜத்தில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?
முன்னூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்தி
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை
மராட்டியரிடம் விலைபேசி வாங்கிய கம்பெனிக்காரன்
பீரங்கியைத் திருப்பித் திருப்பிச் சுட்டுப் பார்த்தான்.
விழுந்த இடம் வரை அவனுக்கு.
பேரம் அப்படி.

தொடரின் நாற்பத்தோராம் பகுதி.
எனக்கு வந்தது படம் மட்டும். சத்தமில்லாமல்,
மூலையில் ஓடும் நேரக்கணக்கோடு.
புதுப்பாளையத்தில் மாடி அறை.
ஜன்னலில் மெத்தையை அடைத்தும்
பண்ருட்டி பஸ்ஸின் ஏர்ஹாரன் உள்ளே வந்துவிடும்
(அது எஃப் ஷார்ப். கீபோர்டில் சரிபார்த்திருக்கிறேன்).

முதலில் முரசு வைத்தேன். கொம்பு வைத்தேன்.
ட்ரம்போன் நாலு.
"பிரம்மாண்டம் பத்தல மேடம்."
எட்டு.
அப்புறம் ஒரு ராத்திரி அத்தனையையும் அழித்தேன்.
போகிற குண்டு போருக்குப் போகவில்லை.
அது அளவு நாடா.
யாரோ உளுந்து தெளித்த கொல்லையில்
முழங்கை ஆழம் புதைந்து
கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டு கிடக்கும்.
அவ்வளவுதான்.
மறுநாள் கொல்லைக்காரன் எழுந்து
அதே மாட்டை அதே முளையில் கட்டும்போது
வேறு ஆளின் குடி.

ஆகவே வயோலாக்கள் மட்டும்.
ஒரே சுரம்.
வில் திரும்புவது கேட்கக் கூடாது.

வாசித்தவர்கள் புடாபெஸ்டில் இருந்தார்கள்.
நாற்பது பேர், மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
அங்கே பனி. ஒருத்தி மப்ளரை அவிழ்க்கவே இல்லை.
இங்கே நான் ஃபேனை நிறுத்திவிட்டு
வியர்வையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்டக்டர் கேட்டார்:
இருபத்துமூன்றாம் பாரில் என்ன நடக்கிறது?
குண்டு பறக்கிறது.
யார் மேல் விழும்?
யார் மேலும் இல்லை.
விழுகிற இடம் வரை நிலம் அவர்களுக்கு.
மொழிபெயர்த்த பெண் அதை
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
கடைசி வரிசை டபுள் பாஸ்காரர்
ஏதோ சொல்லிச் சிரித்தார்.
கூட யாரும் சிரிக்கவில்லை.
என்னவாம் என்று கேட்டேன்.
"எங்களுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள்"
என்றாராம்.

பிறகு வாசித்தார்கள். ஒரே டேக்.
அவருக்கு அந்த இடத்தில் வாசிக்க ஒன்றுமில்லை;
வில்லை மடியில் வைத்துக்கொண்டு
பதினொரு வினாடியும் தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஞாயிறு ஒன்பதரை.
இன்வெர்ட்டர் பார்க்க வந்திருந்த தணிகாசலம்
டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு
டிவி முன்னால் நின்றுவிட்டார்.
"நம்ம ஊரு கதையா மேடம் இது?"
ஆமாம் என்றேன்.
"எங்க ஊரும் அந்தக் குண்டு கணக்குல
போனதுதான்னு சொல்லுவாங்க."
உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

திரி பற்றியது. புகை.
புகைக்குள்ளிருந்து கறுப்பாகப் புள்ளி ஒன்று மேலேறியது.
வயோலா ஆரம்பித்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.

சோப்பு.
நகைக்கடை.
சேமியா.
மறுபடி அதே சோப்பு.

நான்கு நிமிஷமாகக் குண்டு அந்தரத்தில் நின்றது.
கீழே கெடிலம், பனை, உளுந்து,
இன்னும் யாருக்கும் போகாத நிலம்.
எல்லைக்கல் நடுகிறவன்கூட
எங்கேயோ கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

"பேட்டரி வத்திப்போச்சு.
டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு லிட்டர் வாங்கி வைங்க,
நாளைக்கு வந்து ஊத்துறேன்."
இருநூறு ரூபாயை எண்ணாமல் பையில் வைத்து
படி இறங்கினார்.
பாட்டுப் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

விளம்பரம் முடிந்தால் எப்போதும்
கொஞ்சம் பின்னாலிருந்துதான் தொடங்குவார்கள்.
மறுபடி திரி.
மறுபடி புகை.
மறுபடி முதலிலிருந்து அந்த ஒரே சுரம்.

அவர் பைக்
இந்நேரம் கெடிலம் பாலத்தில் ஏறியிருக்கும்.