குண்டு விழுந்த இடம்

எங்கள் ஊர்ப் பெயரில் குண்டு இருக்கிறது,
குண்டு உப்பலவாடி.
அதை நான் யோசித்ததில்லை.
குண்டு பல்பு தெரியும், குண்டு மல்லி தெரியும்,
மழை முடிந்தால் எங்கள் சாலை
குண்டும் குழியுமாவது தெரியும்.
தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்கு
அதற்குமேல் எதற்கு?

ஏழாம் வகுப்பு வந்து நின்றது.
பதினான்கு பேர், நான்கு பெயின்ட் டப்பா,
ஓர் ஏணி, அதுவும் என்னுடையது.
மோட்டார் அறைச் சுவரில்
ஊரின் கதையை வரையப்போகிறார்களாம்.
பஞ்சாயத்தில் கையெழுத்தும் வாங்கியாயிற்றாம்.
வால்வில் ஒரு சொட்டு படக்கூடாது என்றேன்.
முதல் சொட்டு வால்வில்தான் விழுந்தது.

சுண்ணாம்பு இரண்டு கை அடித்தும்
அடியிலிருந்து எட்டிப் பார்த்தது
கட்சிக்காரர் எழுதிவைத்த
‘2031 வரை முன்பதிவு’.

கதை இதுதான் என்றாள் ஆசிபா,
நோட்டைப் பார்த்துக்கொண்டே:
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை
வெள்ளைக்காரன் விலைக்கு வாங்கினான்.
பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ
அதுவரை அவனுக்கு என்று பேச்சு.
சுட்டார்கள். போனது. விழுந்தது.
அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களில் ஒன்று நாம்.
ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறது.

சரி, எங்கே விழுந்தது?
கேட்டுவரப் போனார்கள்.
இறால் குட்டைக்காரர் தன் குட்டையைக் காட்டினார்.
மாவு மில்லில், ‘இந்த வாசப்படிக்குக் கீழே.’
டெய்லர் கடையில் மூன்று பேருக்கு மூன்று இடம்.
ரேஷன் வரிசையில் ஓர் அம்மாள்,
‘எங்க வீட்டுக்கு மட்டும் எதுவும் விழாது,
பட்டாகூட’ என்றாளாம்.
அதையும் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

லோகமித்ரனுக்கு ஒரே சந்தேகம்.
‘காசு வாங்குனவன் கோட்டையில இருந்தான்.
காசு குடுத்தவனும் கோட்டையில இருந்தான்.
வித்தது எங்க வீட்ட.
அன்னைக்கு எங்க வீட்ல என்னா கொழம்பு?’

யாரிடமும் பதில் இல்லை.
ஆகவே குழம்பிலிருந்து தொடங்கினார்கள்.
அடுப்பு, புகை, சட்டி.
கெடிலம் நீலமாக இருந்தால் பொய் என்று
சேற்று நிறத்தில் இழுத்தார்கள்;
அந்த முன்பதிவின் மேலேயே அது ஓடியது.
பாயில் சென்னாக்குன்னி காயவைக்கும் பெண்,
சுற்றி நான்கு காக்கை,
ஐந்தாவதற்கு இடமில்லாமல் வால் மட்டும்.
அவள் கழுத்துச் சரட்டில் ஓர் ஊக்கு.
அந்தக் காலத்தில் ஊக்கு ஏது என்று
அரை மணி நேரம் சண்டை.
அழிக்கவில்லை.
ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை அந்தச் சுவரில்.
பீரங்கியை ஓரமாக வைத்தார்கள்,
முந்திரிக்கொட்டை அளவில்.

குண்டைத்தான் வரைய முடியவில்லை.
‘கீழ வந்தா அந்தக்கா மேல விழும்’ என்று
கனிஷ்கா விடவில்லை.
கறுப்புப் பெயின்ட் வேறு
காக்கைகளோடு தீர்ந்துபோயிருந்தது.

ஞாயிறு மாலை. வானம் இன்னும் காயவில்லை.
பக்கத்துக் காலிமனையில் கிரிக்கெட்.
சாக்கடையில் குளித்து எழுந்த பந்தை
ஆறாம் வகுப்பு சுபிக்ஷன் தூக்கி அடித்தான்.
சொத்.
ஆற்றுக்கு மேலே, அந்தப் பெண்ணுக்கு எட்டாத தூரத்தில்,
உருண்டையாக, சொரசொரப்பாக,
ஒழுகும் வாலோடு.

கனிஷ்கா துரத்திய துரத்தலில்
அவன் பெண்ணையாற்றைத் தாண்டியிருப்பான்.
துடைக்கத் துணி எடுத்தார்கள்.
எடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.
அவுட்டா சிக்ஸரா என்ற கூச்சலும் நின்றது.
ஆசிபா நோட்டைத் திறந்து
‘விழுந்த இடம்’ என்ற வரிக்கு எதிரே
மோட்டார் ரூம் என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை கட்சிக்காரர் வந்தார்.
வண்டியை நிறுத்தாமலே கேட்டார்,
‘யாரக் கேட்டு? செவுரு எங்களுது,
எழுதியிருந்துச்சுல்ல?’
குடத்தோடு நின்ற லோகமித்ரன்
அந்தச் சேற்று வட்டத்தைக் காட்டினான்.
‘குண்டு விழுந்துருச்சுண்ணே.’

அவர் என்னைப் பார்த்தார்.
நான் வால்வைத் திறந்தேன்.
மூன்றாவது தெருவுக்குத்
தண்ணீர் விடும் நேரம்.