ரத்து செய்யவா?

சரவணம்பட்டிக் கண்ணாடிக் கட்டடத்தில்
என் அட்டைக்குப் பச்சை விழாமல் போய்
நாலு மாதம்.
ஒன்பது வருஷம்
பட்டன்களின் மூலைகளை மழுக்கியவள் நான்.
என்னை எடுத்துவிட்டதாக வந்த மின்னஞ்சலில்
எல்லா மூலையும் கூர்.

கூட இருந்த ஷாகிரா
சிங்காநல்லூரில் வீட்டுக்கடன் விற்கிறாள்.
பெனடிக்ட் பதவிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டான்,
அதே லேப்டாப், அதே கழுத்துவலி.

இன்று கணபதியில் நேர்காணல். பம்ப் கம்பெனி.
மாடிப்படியெங்கும் வார்னிஷ் வாசம்,
கீழே காயில் சுற்றும் சத்தம்.
தரணீஷுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு.
"உக்காருங்கக்கா" என்றான்.
அந்த அக்காவில் என் சம்பளம் கொஞ்சம் இறங்கியது.

"டீ வர்றதுக்குள்ள பாருங்" என்று
கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டினான்.
டீ வந்தது. முப்பத்திரண்டு திரையும் வந்தது.
மோட்டாரைப் போனில் ஓட்டுகிற செயலி:
நீலம், மெல்லிய நிழல், சொட்டி மறையும் நீர்த்துளி.
நான் செய்வதைவிட அழகு.
அதை ஒப்புக்கொள்ள ஒரு வாய் டீ தேவைப்பட்டது.
"இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேலைங்க்கா இருக்குது?"
கேலி இல்லை.
கணக்குக் கேட்கிற குரல்.

பத்தொன்பதாவதில் நின்றேன்.
'நிறுத்தத்தை ரத்து செய்யவா?'
கீழே இரண்டு பட்டன்:
சரி.
ரத்து.

போனை அவனிடமே நீட்டினேன்.
"ராத்திரி ரெண்டு மணி. இப்பத்தான் த்ரீ ஃபேஸ் வந்திருக்கு.
கெணத்துல தண்ணி இல்ல, மோட்டார் சும்மா ஓடுது.
கையெல்லாம் சேறு.
எதைத் தொடுவீங்க?"

விரல் சரிக்குப் போனது.
திரும்பியது. ரத்துக்குப் போனது.
காற்றில் நின்றது.
"எரிஞ்சே போயிருக்குமுங்" என்றான் மெதுவாக.

வேலை கிடைத்ததா என்றால்,
"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்."
பழைய சம்பளத்தில் பாதி.
மாதம் பத்து நாள் காங்கேயம், தாராபுரம் பக்கம்
தோட்டங்களில் நின்று
யார் எதைத் தொடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.
அந்தப் பத்து நாள், நானாகச் சேர்த்தது.

படியிறங்கும்போதுதான் உறைத்தது:
நாளைக்கு அந்த நாலு வரியோடு
என் கேள்வியையும் சேர்த்துத் தட்டிவிடுவான்.
தட்டட்டும்.
இருபதாம் திரையை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.
இன்னும் பதின்மூன்று பாக்கி.
அதில் எத்தனை மோட்டார் எரியுமோ என்று
சத்தி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி எண்ணிப் பார்த்தேன்.
கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.
வெட்கமாகவும்.