எட்டு சென்ட்

வீட்டில் பழைய சேலை ஒன்றும் மிச்சமில்லை.
எல்லாவற்றையும் கிழித்துவிட்டாள்
சேதுபாக்கியம், என் அக்கா.
விடியுமுன் எழுந்து
விரலகலத்துக்குக் கீறிக் கீறி
ஒவ்வொரு விரலாகச் சுற்றுகிறாள்,
பாசி பறிக்கும்போது
பாறை அறுக்காமலிருக்க.

நீ கடலுக்குப் போய் ஆறு வருஷமாச்சு என்றால்
"யாரு?" என்கிறாள்.

கதவின் உள்பக்கம் உச்சியில் தாழ்ப்பாள் வைத்தேன்,
அவள் கை எட்டாத உயரத்தில்.
என் கையும் எட்டாது.
வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறுகிறேன்.
"திருடி, திருடி" என்று
பின்னாலிருந்து என் முந்தானையை இழுக்கிறாள்.

ராமநாதபுரத்து டாக்டர் எழுதிய நோயின் பெயரை
மருந்துக்கடைப் பையன் எழுத்துக்கூட்டித்தான் படித்தான்.
சின்னப்பாலத்தில் அதற்கு இன்னும் பெயர் வரவில்லை.
வத்தினால் பெருகும், அந்தக் கடல்தான் எங்களுக்குத் தெரியும்.

பதினோரு வருஷம் நாங்கள் பேசவில்லை.
தெரு ஒன்று. குழாய் ஒன்று.
தீவுப்பக்கம் போகும் வல்லமும் ஒன்றுதான்.
அணியத்தில் அவள், கடைசிப் பலகையில் நான்.
ஒரு தடவை முங்கி எழுந்தபோது
எதிரே ஒரு முழ தூரத்தில் அவளும் எழுந்தாள்.
இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.
கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது.
மறுபடி முங்கிவிட்டோம்.

எட்டு சென்ட் நிலம்.
ரோட்டோரம், ரெண்டு தென்னை, உப்புத்தண்ணிக் கிணறு.
அம்மா செத்த வருஷமே
என் பங்கையும் சேர்த்து விற்றுவிட்டாள்.
பத்திரத்தில் நம்புத்தாய் என்ற பெயருக்கு நேரே
யாருடைய பெருவிரலோ உருண்டிருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம்
தானாகவே வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து
"சோறு இருக்கா?" என்றாள்.
சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று
முட்டை பொரித்துப் போட்டேன்.
சாப்பிட்டு முடித்து
"ஒங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

மகன் நாகப்பட்டினத்தில். சில மாசம் பணம் வரும்.
குளிப்பாட்டுவது நான்.
சாயங்காலம் விரல்துணியை அவிழ்த்து
ஒவ்வொரு விரலாகக் கழுவுவதும் நான்.
பெருவிரல் வரும்போது
கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறேன்,
இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லை.
கணவாய்க் குழம்பு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.
இருட்டு கொடுத்த தைரியத்தில் சொல்லிவிட்டேன்:
"எனக்கு ஒரு அக்கா இருந்தா.
ரேகையைத் திருடி என் நெலத்த வித்துட்டா."

மெல்லுவதை நிறுத்தினாள்.
"கூடப் பொறந்தவளுக்கா?"
"ஆமா."
"அவ வெளங்குவாளா!
நீ சும்மாவா விட்ட?
மயிரப் புடிச்சு உலுக்கியிருக்க வேணாமா?"

எனக்காக இப்படிக் கொதித்தவர்
ஊரில் ஒருத்தரும் இல்லை.
என் புருஷன்கூட, போகட்டும் விடு என்றவன்தான்.

அவள் விடவில்லை.
"அந்தக் கை அழுகணும்.
அவ பேரச் சொல்ல
ஒரு நாதி இல்லாமப் போகணும்" என்றாள்.

"அப்படிச் சொல்லாத" என்றேன்.
"மகன் போட்ட சிலோன் நேவி புடிச்சுட்டான்.
கடன்காரன் வாசல்ல வந்து படுத்துக்கிட்டான்.
அவளுந்தான் என்ன செய்வா?"

இதைச் சொன்னது நான்தான்.
அவள் வந்து சொல்லவேண்டுமென்று
பதினோரு வருஷம் காத்திருந்த சொல்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"இருந்தாலும்..." என்றாள்.
பிறகு,
"கொழம்புல உப்பில்ல."

இன்றைக்கு விடியலில் என்னை உலுக்கி எழுப்பினாள்.
வல்லம் போயிருமாம்.
என் கையைப் பிடித்து இழுத்து
சுண்டுவிரலில் தொடங்கிச் சுற்றினாள்.
பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்,
வலிக்கிற அளவுக்கு.
நாலு விரல் ஆனதும் துணி தீர்ந்துவிட்டது.
பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது கெடக்கட்டும்" என்று
அப்படியே விட்டுவிட்டாள்.