ஏழாம் ஆணி

காலை ஐந்தே முக்காலுக்குள்
மட்டக்கருவியை முக்காலியில் ஏற்றிவிட வேண்டும்.
ஏழு மணிக்கு மேல் வேலூரில் காற்றே நெளியும்,
ஸ்கேலில் எண்கள் நீந்தும்.

நாங்கள் தோண்டுவது தரைக்குக் கீழே இரண்டு தளம்,
கார்கள் உறங்க.
ஒன்றரை அடி சந்து தள்ளி நூர் லாட்ஜ்.
அஸ்திவாரம் நாலடி, கருங்கல்லும் சுண்ணாம்பும்.
அதன்மேல் பதினெட்டு அறைகள்.
மால்டாவிலிருந்தும் சில்சாரிலிருந்தும்
எக்ஸ்ரே உறைகளோடு வந்தவர்கள்
மாத்திரை வேளைக்கு விழித்து
மறுபடி படுக்கிறார்கள்.

சுவரில் பதினோரு ஆணி அடித்திருக்கிறேன்.
மூன்று தெரு தள்ளி மலையடிப் பாறையில் ஒரு புள்ளி.
அது மட்டும் அசையாதென்று நம்பி
மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பது என் உத்தியோகம்.

மாடிப்படி விரிசலின் குறுக்கே
கண்ணாடிச் சில் ஒன்றை ஒட்டினேன், தேதி எழுதி.
"பிளாஸ்திரியா?" என்றார் ஷம்ஷாத் பீ.
காவலாள், சுவர் அசைந்தால் முதலில் இதுதான் உடையும் என்றேன்.
"உடையறதுக்குன்னே ஒருத்தனை நிறுத்தியிருக்கே"
என்றவர், தன் பங்குக்கு
விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.
தினமும் ஒன்று, ஃபஜ்ர் முடிந்து.

பம்ப் இரவும் பகலும் ஓடியது.
பாலாற்றில் இல்லாத தண்ணீர்
எங்கள் குழியில் ஊறியது.
உறிஞ்சிச் சாக்கடையில் விட்டோம்.
லாட்ஜுக்குக் கீழிருந்த மணலிடமும்
கேட்காமல்தான் எடுத்தோம்.
மண்ணுக்குள் தண்ணீரும் ஒரு தூண் என்று
பரீட்சையில் எழுதிப் பத்து மார்க் வாங்கியவள் நான்.

ஏழாம் ஆணி: இரண்டு. மறுநாள் மூன்றரை.
வியாழன் விடியலில் ஐந்தரை,
சில் இரண்டாக.
சத்தம் கேட்டதா என்றேன்.
நாலாம் அறைக்காரர் இருமியதாக நினைத்தாராம்.

"அஞ்சரை மில்லியா? என் சட்டைப் பொத்தான்
அதைவிடப் பெரிசு" என்றார் கான்ட்ராக்டர் துளசிங்கம்.
வரம்பு ஐந்து என்ற தாளில்
அவர் கையெழுத்தே இருந்தது. காட்டினேன்.
ஒருமையில் திட்டிவிட்டு
பம்பை நிறுத்தினார்.

குறுக்கே எஃகு முட்டுகள் இறங்கின.
குழிக்கும் லாட்ஜுக்கும் நடுவே துளையிட்டு
எடுத்த நீரையே திரும்ப ஊற்றினோம்,
திருடியதை ராத்திரியோடு வைத்துவிட்டு வருகிறவர்கள் போல.
கட்டடம் உடனே கேட்கவில்லை.
இன்னும் அரை மில்லி இறங்கி
ஆறில் நின்றது.
ஒன்பது நாள், ஆறு.

பூசித் தருகிறோம் என்று சொல்லப் போனேன்.
ஷம்ஷாத் பீ பன்னிரண்டாம் அறைக்கு அழைத்துப்போய்
கதவைச் சாத்தினார். க்ளக்.
"மாமனார் கட்டின நாள்லேர்ந்து
இந்தத் தாழ்ப்பாள் விழுந்ததில்ல.
தனியா வர்ற பொம்பளைங்க
நாற்காலிய முட்டுக் குடுத்துட்டுத்தான் தூங்குவாங்க.
எதையாவது நிமித்தறேன்னு உங்க ஆளுங்க வந்தா
இந்த அறைய விட்டுடச் சொல்லு."

பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
கதவு 12, தாழ் விழுகிறது.

மறுநாள் ஐந்தே முக்கால்.
ஏழாம் ஆணி.
ஆறு.